முதல் போதும்

ஜூன் 3, செவ்வாய்

பாளையங்கோட்டையின் பேக்கரிச் சக்கரவர்த்தியும், தேங்காய் பன்னின் ஏகபோக அதிபதியும், சொந்தமாய்ப் பிள்ளை இல்லாவிட்டாலும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனைக்கும் மாமாவுமாகிய செல்வின் ஞானதுரை என்னும் நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் திருவுளம் கொண்டேன்.

திருவுளம் என்னுடையது அல்ல, டாக்டருடையது. என் மனைவி எப்சிபா தினமும் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், வாந்தி உண்டா என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவர் கேட்டது நாளுக்கொரு வரி. ஒரு வரி கேட்டால் காவியம் கொடுக்கிற ஆளிடம் கேட்டுவிட்டார், பாவம்.

விஷயம் இதுதான். அவள் இரைப்பையில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இப்போதைய உடம்பு கத்தியைத் தாங்காது. முப்பத்தேழு கிலோதான் இருக்கிறாள். "நாற்பது ஆகட்டும், தேதி குறிச்சிருவோம். ஜூலை தொடக்கத்துல திரும்ப வாங்க" என்றார்.

மூன்று கிலோ! நான் சிரித்தே விட்டேன். என் கடைப் பன்னைத் தின்று, வந்த வாசல் வழியாகத் திரும்ப முடியாமல் சுவரை இடித்து வெளியே எடுக்கப்பட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. மூன்று கிலோவை நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் ஏற்றிவிடுவேன்.

இன்று: இட்லி மூன்று, முட்டை இரண்டு, பால் ஒரு டம்ளர். வாந்தி இல்லை.

[சிவப்பு மையில்: இட்லி ஒன்றில் பாதி. முட்டை ஒன்றில் வெள்ளை மட்டும். பால் கால் டம்ளர். டாக்டரிடம் பொய்க்கணக்குக் காட்டக்கூடாது. — எ.]

ஜூன் 5, வியாழன்

இங்கிலீஷ் டீச்சரைக் கல்யாணம் பண்ணியவன் நாட்குறிப்பு எழுதினால் இதுதான் கதி. தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எடுத்துத் திருத்தி, கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறாள்.

ஆட்டுக்கால் சூப் வைத்தேன். அந்த வாசனைக்கு முருகன்குறிச்சியில் பஸ்கள் நின்றுவிட்டுப் போயின. நான்கு கரண்டி குடித்தாள். "போதும் அத்தான்" என்றாள்.

எங்கள் வீட்டில் முதல் போதும் கணக்கில் சேராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது போதும் வெட்கத்துக்கு. மூன்றாவதுதான் வயிறு பேசுவது. முதல் போதுமை நம்பிக் கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறவனை எங்கள் பக்கத்தில் கஞ்சன் என்பார்கள். எனக்கு இதைக் கற்றுத் தந்தவளே எப்சிதான். கல்யாணம் பேசி முடித்த பிறகு என் தாய்மாமா வீட்டுக்கு, அதாவது அவள் வீட்டுக்கு, முதல்முறையாக மாப்பிள்ளை முறுக்கோடு சாப்பிடப் போனேன். போதும் என்று கௌரவமாக இலைமேல் கையை விரித்தேன். கொதிக்கிற தேங்காய்ப்பால் சொதியை அப்படியே என் புறங்கையில் ஊற்றிவிட்டு, "கைய எடுத்திருக்கணும்லா" என்றாள். அன்றைக்கு விழுந்தவன்தான்.

ஆகவே இன்று அவளுடைய முதல் போதுமை மதிக்கவில்லை. ஐந்தாவது கரண்டி ஊட்டினேன். ஆறாவதும்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கரண்டி அளவில் சறுக்கல். மற்றபடி சூப்பில் குற்றமில்லை.

ஜூன் 9, திங்கள்

எனக்கு எழுத்தர் பதவி கிடைத்திருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு மலரிலும் எப்சி ஏதாவது ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பிடித்து, அது எங்கே பிறந்தது, எப்படிக் கெட்டுப்போனது என்று தமிழில் எழுதுவாள். இந்த வருஷமும் எழுதியே தீருவேன் என்கிறாள். ஆனால் இரண்டு வரிக்கு மேல் அவளால் எழுத முடியவில்லை. சொல்லச் சொல்ல எழுதும் பாக்கியம் எனக்கு.

இந்த வருஷச் சொல் 'ஸேட்'. துக்கம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"வேற நல்ல சொல்லே கெடைக்கலையா?" என்றேன்.

"இது நல்ல சொல்லுதான் அத்தான். எழுதுங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால அந்த ஊர்ல ஸேட்னா வயிறு நெறஞ்சவன்னு அர்த்தம். திருப்தியாச் சாப்ட்டு எந்திரிச்சவன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அப்ப கல்யாணப் பந்தியில எந்திரிக்க மாட்டாம நாலு பேரு தூக்கிவிட்டாங்களே, அந்த நான்?"

"ஒங்களவிட பெரிய ஸேட் அந்தத் தேசத்துலயே இருந்திருக்க மாட்டான்."

ஜெர்மன்காரன் இன்றைக்கும் வயிறு நிறைந்தால் இதே சொல்லின் தம்பியைத்தான் சொல்கிறானாம், ஸாட் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்ததில் இளைப்பு வாங்கிவிட்டது. முதல் பத்தியோடு நிறுத்தினோம்.

நிறைந்தவன் என்ற சொல் எப்படித் துக்கக்காரன் ஆனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டால், "ஒவ்வொரு படியா எறங்கணும், குதிக்கக்கூடாது" என்கிறாள். டீச்சர் புத்தி.

இன்று: கஞ்சி ஒரு அண்டா.

[சிவப்பு மையில்: அண்டா இல்லை. அரைக் கிண்ணம்.]

ஜூன் 12, வியாழன்

அரை இட்லி. வாந்தி இல்லை. இன்று பொய் எதுவும் எழுதவில்லை, டீச்சர்.

ஜூன் 18, புதன்

குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம். இங்கே காற்று மட்டும். என்ன காற்று! மாடியில் காயப்போட்ட என் வேட்டி பறந்துபோய் வங்காள விரிகுடாவில் பாய்மரமாக ஓடிக்கொண்டிருப்பதாக நம்பகமான தகவல்.

இந்தக் குளிர்காற்றுக்கு மாவு எழும்பாது. பேக்கரியைக் குத்தகைக்கு விட்டபின் வீட்டு அடுப்பில்தான் சுடுகிறேன். இன்று ரொட்டி கல்லாக உட்கார்ந்துவிட்டது. குப்பையில் போடக் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டாள்.

"அத நிறுத்துங்க. அதுதான் ரெண்டாவது அர்த்தம். எழுதுங்க."

வயிறு நிறைந்தவன் என்ன ஆவான்? கனப்பான். அசைய மாட்டான். அப்படி ஸேட் என்றால் கனமானது என்று ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் சில ஊர்களில் சரியாக எழும்பாத ரொட்டியை இதே சொல்லால்தான் சொல்வார்களாம். நம் பாட்டன் காலத்து முழு இரும்பு இஸ்திரிப் பெட்டிக்கும் அந்தப் பேர் உண்டாம்.

நாற்பது வருஷம் மாவு பிசைந்திருக்கிறேன். நான் சுட்ட துக்க ரொட்டிகளை அடுக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இன்னொரு சிகரம் கிடைக்கும். ஒன்றுக்குக்கூடப் பேர் வைக்கத் தோன்றியதில்லை.

"கனம்தான எப்சி நமக்கும் வேணும்? கனமாகு" என்றேன்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பம் உளுந்தங்களி கொண்டுவந்தாள். "மைனி, நல்லெண்ண ஒரு கரண்டி கூட விட்டிருக்கேன், தேறிருவிய" என்றாள். எப்சி அவளுக்காக ஓர் உருண்டை வாயில் போட்டாள். அவள் போனதும் துப்பிவிட்டாள். நான் ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கட்டிலை விட்டு எழ நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு நான் எழ அவள் பிடித்தாள். என் எடைக்கு அவள் பிடித்தது உலக அதிசயம். அவள் எடைக்கு நான் பிடிப்பதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

நாளை மறுநாள் எடை பார்க்கும் நாள். என் மூளையில் ஒரு யோசனை உதித்திருக்கிறது. உலகப் போரில் யாருக்காவது இது தோன்றியிருந்தால் இரண்டே நாளில் போர் முடிந்திருக்கும். விவரம் பிறகு.

ஜூலை 1, செவ்வாய்

பிறகு வந்துவிட்டது. எழுதுகிறேன்.

பேக்கரித் தராசின் பழைய எடைக்கற்கள் பரண்மேல் கிடந்தன. கிலோக் கல்லில் மூன்றும், அரைக் கிலோவில் ஒன்றும் எடுத்துத் துடைத்தேன். அவள் அம்மாவின் சுருக்குப்பையில் போட்டு, புடவைக்கு உள்ளே இடுப்பில் கட்டிவிட்டேன். மேலே கல்யாணப் பட்டு. அந்தப் பட்டுக்கே அரைக் கிலோ எடை உண்டு. நாற்பது தாண்டும், தேதி குறிப்பார், கட்டியை எடுப்பார், மிச்சத்தை நான் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வேன். இதுதான் திட்டம்.

நான் கட்டும்போது அவள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றாள். "இறுக்குதா?" என்றேன். "இல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எடைமெஷினில் ஏறினாள். முள் நகர்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "நல்லா ஏறியிருக்கீங்களே ஆச்சி!" என்றாள். நான் டாக்டரைப் பார்த்து ஒரு ராஜபார்வை பார்த்தேன்.

எப்சி கீழே இறங்கி, டாக்டர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெள்ள இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். டொக் என்று சத்தம்.

"டாக்டர், இது எங்க வீட்டுக்காரரோட ஆசை. இதைக் கழிச்சுட்டு எழுதிக்கிடுங்க."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பையைத் திறந்து கற்களைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். என்னை வைத்து ஊரே சிரித்திருக்கிறது, எனக்குப் பழக்கம். அவர் சிரிக்கவில்லை.

"மயக்க மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்கணும் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கல்லையும் பட்டையும் கழித்தால் முப்பத்தாறு. கூடவில்லை, இறங்கியிருக்கிறது.

திரும்பும்போது ஆட்டோவில் எடைக்கற்கள் என் மடியில். "எதுக்குளா கட்ட விட்ட? வீட்டுலயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"ஒங்க மொகத்தப் பாத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமா இருந்திய. ஆஸ்பத்திரி வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

டாக்டர் இன்று போனில் விளக்கமாகப் பேசினார். கட்டி வளர்ந்திருக்கிறது. அறுவை இப்போது வேண்டாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்திப் பார்க்கலாம், பலன் எப்படி என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நான் உடனே சரி என்றேன். குழாய் வழியாகத் தாமிரபரணியையே செலுத்தச் சொல்லியிருப்பேன்.

எப்சி போனை வாங்கினாள். "வேண்டாம் டாக்டர். வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. வீட்டுல இருந்துக்கிடுதேன்" என்றாள்.

நான் கத்தினேன். கெஞ்சினேன். உனக்கு என்ன தெரியும் என்றேன். எல்லாம் முடிந்து நான் மூச்சு வாங்கும்போது, "எழுத்தர் பேனாவ எடுங்க" என்றாள்.

மூன்றாவது அர்த்தம்: கனத்தது அசையாது. அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவனை ஸேட் என்றால், நம்பத் தகுந்தவன், நிலையானவன், சொன்ன சொல்லில் நிற்பவன் என்று பொருளாம். பாராட்டு வார்த்தை.

எழுதினேன். எழுத்து கோழி கிண்டியது போல் இருக்கிறது. அவள் திருத்தவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சிவப்பு மை இனி வராது போலிருக்கிறது. பேனாவைக் கேட்டாள், கொடுத்தேன், விரல் மூடவில்லை. என் பக்கமே தள்ளிவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

கோவில் ஆராதனைக்குப் போகவில்லை. ஆட்டுக்கால் சூப் வைத்தேன். இந்த முறை பஸ் ஏதும் நிற்கவில்லை.

ஒரு கரண்டி குடித்தாள். இரண்டாவதில் பாதி.

"போதும் அத்தான்."

கை தன்னால் சட்டிக்குள் போய் நிறைத்துக்கொண்டு வந்துவிட்டது. உதட்டருகே கொண்டுபோனேன். "ஒண்ணே ஒண்ணு. மொத போதும் கணக்குல கெடையாதுலா?"

அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அதுதான். எனக்காகத் திறந்தாள். திறந்துகொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. எடைக்கல்லைக் கட்டும்போது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளே, அதே நிற்பு.

கரண்டியைத் திருப்பி என் வாயில் விட்டுக்கொண்டேன். உப்பு கூடிப்போயிருந்தது.

"எனக்கு மொத போதுமே கடைசிப் போதும்தான். இனிமே அப்படி எடுத்துக்கிடணும். சரியா?" என்றாள்.

சரி என்றேன்.

என் வாழ்நாளில் ஒரு விருந்தாளியின் முதல் போதுமை ஏற்றுக்கொண்டது இதுவே முதல் தடவை. சட்டியை மூடி வைக்க மூடி தேடினேன். கண்முன்னால்தான் இருந்ததாம். லில்லிபுஷ்பம் வந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று காற்று குறைந்து வெயில் அடித்தது. அவளே கேட்டாள்: "தேங்காப் பன் சுடுவியளா?"

சுட்டேனா! சக்கரவர்த்தி மறுபடி சிங்காசனம் ஏறினார். மாவு பூமாதிரி எழும்பிற்று. ஓர் ஓரத்தைப் பிய்த்து, கருப்பட்டிக் காப்பியில் முக்கிக் கொடுத்தேன். நாக்கில் வைத்து வெகுநேரம் வைத்திருந்தாள்.

"நல்லா எழும்பியிருக்கு. போதும்."

எடுத்துவிட்டேன். தகர டப்பாவில் போட்டு மூடினேன். சத்தம் கேட்டுச் சிரித்தாள். சொன்ன பேச்சை நான் கேட்பது அவளுக்கு இன்னும் புதுசாக இருக்கிறது.

அப்புறம் கட்டுரையை முடிக்கலாம் என்றாள். ஒரு மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இப்படி நிறைஞ்சு, கனத்து, நிலையா நின்ன சொல்லு அதுக்குப் பிறகு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். முற்றுப்புள்ளி."

"முக்கியமான அர்த்தத்த விட்டுட்ட. எப்படித் துக்கமாச்சுன்னு கேக்கத்தான நான் இவ்வளவு நாளா எழுதுதேன்?"

"மலர வாசிக்கப்போறவளுக எல்லாம் பேத்தி எடுத்தவளுக அத்தான். அவளுகளுக்குப் போய் அத நான் சொல்லிக் குடுக்கணுமா?"

"எனக்கு?"

கையை நீட்டி என் புறங்கையைத் தடவினாள். சொதி ஊற்றிய இடத்தில் ஒரு தழும்பு உண்டு. நான் ஊரெல்லாம் அது புலி பிறாண்டியது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

எப்சிபா இன்று காலையில் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

அடக்க ஆராதனைக்குப் பத்து லட்சம் பேர் வந்திருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி வரை ரோடு அடைபட்டது.

[சிவப்பு மையில்: எழுபது, எண்பது பேர் இருக்கும். பேனா அவளுடையது.]

மூன்று நாளாக வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தெருவே மாறி மாறிச் சோறு கொண்டுவந்தது. லில்லிபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். "போதும் தாயி" என்றால், "மைனி இருந்தா விட்டிருப்பாகளா அண்ணாச்சி" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். தின்றேன். எல்லாவற்றையும் தின்றேன். நெஞ்சுக்கு அடியில் ஒரு கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. அது சோறு அல்ல என்று கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் சொல்லாமல் விட்ட கடைசிப் படி இதுதான் போலிருக்கிறது. ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினேன், டீச்சர். குதிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கட்டுரையைப் பழைய மாணவிகளிடம் கொடுத்தேன். வாசித்த அம்மா, "கடைசியில் இன்றைய அர்த்தத்தையும் ஒரு வரி சேர்த்துவிடலாமா, குறையாக நிற்கிறதே" என்றார். டீச்சர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள், அதற்குமேல் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்காள் மகள் பியூலா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். இரண்டு வாரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாமாவைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கம். வீட்டைக் கூட்டினாள், மருந்துப் பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கட்டிப் போட்டாள், எடைக்கற்களைப் பரணில் ஏற்றினாள். "இது எதுக்கு மாமா இங்க கெடக்கு?" என்று கேட்டாள். புலி வந்தால் எறிய என்றேன்.

மத்தியானம் சொதி வைத்திருந்தாள். அத்தை இருக்கும்போதே போனில் கேட்டுக் கற்றுக்கொண்டதாம். முருங்கைக்காய் கிடந்தது, இஞ்சிச் சாறு சரியாக இறங்கியிருந்தது, தேங்காய்ப்பால் திரியவில்லை. அதே சொதி. சோற்றில் குழி பறித்து ஊற்றிச் சாப்பிட்டேன்.

"இன்னும் ஊத்தட்டுமா மாமா?"

"போதும்மா" என்று தட்டின்மேல் கையை விரித்தேன்.

"சரி மாமா" என்று பியூலா சட்டியை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் வளர்ந்த ஊரில் போதும் என்றால் போதும்தான். நல்ல பழக்கம். எனக்கே கடைசியில்தான் வந்தது.

உள்ளே குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வெள்ளையாகக் கிடந்தது. நான் கையை எடுக்கவில்லை. சோறு ஆறும்வரை, தட்டின்மேல் அப்படியே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.